துட்டி வீட்டில் யார் உலை வைப்பது?

திருநெல்வேலிப் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். மதுரைப் பக்கம் அது கேத வீடு. வடக்கே இழவு வீடு, ஈழத்தில் செத்த வீடு. பெயர் எதுவானாலும் எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு வழக்கம் உண்டு. அங்கே வருகிறவரை யாரும் ‘வாங்க’ என்று சொல்வதில்லை. வந்தவரும் கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. மெல்ல எழுந்து, செருப்பைத் தேடி, போய்விடுவார். விருந்தோம்பலின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இல்லாத அந்த வீட்டில்தான் அன்று இருநூறு பேருக்குச் சோறும் போட வேண்டியிருக்கிறது. யார் கூப்பிடுவது, யார் ஆக்குவது, காசு யாருடையது?

என் பெரியம்மை இறந்தபோது இதற்கெல்லாம் விடையாக ஓர் அண்ணாச்சி வந்தார். உறவில் அவர் எங்களுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துத் தெரு. பலசரக்குக் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். வந்ததும் பெரியம்மையின் காலடியில் கும்பிட்டார், திண்ணையில் உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் அக்கா மாப்பிள்ளையையும் மட்டும் கூப்பிட்டு நாலே கேள்வி கேட்டார்: “எங்கெங்க இருந்து ஆள் வரணும்? கடைசி ஆளு எந்த ரயில்ல வாரான்? சுகர் உள்ளவங்க எத்தன பேரு? கைப்பிள்ள இருக்கா?” சமையலைப் பற்றிக் கேட்கவே இல்லையே என்று நினைத்தேன். அந்த நாலு கேள்வியிலேயே அவர் சமையலை முடித்துவிட்டார் என்பது மதியம்தான் புரிந்தது.

துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது தமிழகத்தில் சாதி, மாவட்டம் தாண்டிய விதி. உடல் வீட்டில் கிடக்கும்வரை உலை இல்லை. பல ஊர்களில் அந்தத் தெருவிலேயே உலை இல்லை. தெருக்கோயிலில் பூசையும் இல்லை. இதைத் தீட்டு என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் விதியால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்களைச் சமையலறையிலிருந்து யாரும் கேள்வி கேட்காமல் விடுவிக்கும் ஒரே ஏற்பாடு இது. கல்யாணத்தில், வளைகாப்பில், கோயில் கொடையில் வீட்டுப் பெண்ணுக்கு இந்த விடுதலை கிடையாது. அழுவதற்கு ஒருவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை வேறு யாரோ உலை வைத்துத்தான் வாங்கித் தர முடியும்.

அந்த யாரோ யார் என்பதிலும் முன்னோர் குழப்பம் வைக்கவில்லை. முதல் நாள் காப்பித்தண்ணி பக்கத்து வீடு. அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் சோறு பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, அதாவது சம்பந்திகள். அடுத்தடுத்த வேளைகள் மாமன், மச்சான், ஒன்றுவிட்ட தம்பி என்று முறை வைத்துப் போகும். எந்த வேளை யாருடையது என்பதில் ஊருக்கு ஊர் மாற்றம் உண்டு. துக்கப்பட்டவன் கையில் அகப்பை இருக்கக் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

இந்தச் சோற்றுக்குக் கூப்பிடும் சொல்லும் தனி. ‘சாப்பிட வாங்க’ என்று சொல்ல முடியாதல்லவா? ‘ஒரு வாய் கை நனைச்சிட்டுப் போங்க’ என்பார்கள். பசியைச் சொல்லாமல், ருசியைச் சொல்லாமல், தண்ணீரை மட்டும் சொல்லி அழைக்கிற சொல். பகை வந்தால் ‘இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்’ என்பதும் இதே சொல்தான். அதனால் துட்டி வீட்டில் கை நனைப்பது பல குடும்பங்களில் பத்து வருடப் பகையை முடித்துவைக்கிறது. முடித்துவைத்ததாக யாரும் அறிவிக்காமலே.

இறந்தவருக்கும் அன்று உணவு உண்டு. அது இருக்கிறவர்களின் உணவைத் தலைகீழாகப் புரட்டியது. வாயில் இடும் வாய்க்கரிசி வேகாத அரிசி. இருக்கிறவனுக்கு வேகவைத்தது, போகிறவனுக்குப் பச்சை. ‘உனக்கு வாய்க்கரிசி போட’ என்று வசவில் அந்தச் சொல் வாழ்வதால் அரிசியின் முறையை நாம் யோசிப்பதில்லை. சங்கப் பாடல்களில் இறந்தவர் உணவுக்கு இன்னும் பழைய, வேறொரு வடிவம் இருக்கிறது. புறநானூற்றில் ஐயாதிச் சிறுவெண்தேரையார் பாடிய 363ஆம் பாட்டில், சுடுகாட்டில் இறந்தவருக்கு வைக்கும் வெந்த சோற்றில் உப்பில்லை. இலையில்லை, கலமில்லை, நிலமே கலம். வேள் எவ்வி இறந்தபோது வெள்ளெருக்கிலையார் பாடிய 234ஆம் பாட்டில், அவன் மனைவி யானையின் காலடி அளவுக்கு ஓர் இடத்தை மெழுகி, புல்லின்மேல் சிறிய பிண்டம் வைக்கிறாள். ஊரையே அழைத்து உண்ட ஒருவனுக்கு ஒரு காலடி இடத்தில் சோறு.

ஏன் உப்பில்லை? தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் உப்பைப் பற்றி எழுதும்போது, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு என்று சுவைப் பெயர்களே உப்பு என்ற சொல்லை அடியாகக் கொண்டு பிறந்தவை என்று காட்டுகிறார். உப்பு என்றால் சுவை. இட்ட உப்பு என்றால் உறவு. அந்த வரிசையில் வைத்தால், உப்பில்லாச் சோறு என்பது இனி நமக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை என்ற பேச்சு. இறந்தவரை வெறுத்துச் சொல்வதல்ல; திரும்பி வராதே என்று சொல்லத் தெரியாமல் சொல்வது.

இருப்பவளின் தட்டையும் புறநானூறு விட்டுவைக்கவில்லை. பூதப்பாண்டியன் இறந்தபின் தீயில் இறங்கத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோருக்குக் கைம்பெண்ணின் உணவைப் பட்டியலிடுகிறாள்: நெய் படாத, கையால் பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை, படுக்கப் பாயுமில்லாத பரல் தரை. ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டில் இளமையில் தழையாக உடுத்திய ஆம்பல், கணவன் இறந்தபின் அல்லியரிசியாகத் தட்டுக்கு வருகிறது. உண்ணும் வேளையும் மாறிப்போகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சாவு, வீட்டில் யாருடைய வயிற்றை அதிகம் சுருக்கும் என்பது தெரிந்தே இருந்தது. இதை இங்கே சொல்லிவைக்கிறேன். கடைசியில் வேண்டியிருக்கும்.

திவசச் சமையலைப் பற்றி ஒரு சின்ன விலகல். பிராமணக் குடும்பங்களின் சிரார்த்தத்தில் மிளகாய் கிடையாது, தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது, காரட், முட்டைக்கோசு கிடையாது. காரத்துக்கு மிளகு, காய்க்கு வாழை, பாகல், புடல், அவரை, சேம்பு, துவையலுக்குப் பிரண்டை. ஆசாரம் என்ற பெயரில் ஒரு சமையல் காலம் அப்படியே உறைந்து கிடக்கிறது. மிளகாயும் தக்காளியும் உருளையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வருகைக்குப் பின் வந்தவை. நாம் அன்றாடம் ‘பாரம்பரியச் சமையல்’ என்று பீற்றிக்கொள்வது பெரும்பாலும் நானூறு ஆண்டுக்கு இப்புறம். அதற்கு அப்பால் என்ன தின்றோம் என்று பார்க்க வேண்டுமானால் திவச இலையில் உட்கார வேண்டும். விசுவாமித்திரர் வசிட்டர் வீட்டுத் திவசத்துக்கு 1008 காய் வேண்டும் என்று கேட்டதாகவும், பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்கு, பலா அறுநூறுக்கு, மீதிக்கு எட்டுக் காய் என்று அருந்ததி கணக்குத் தீர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. பந்தி எதிர்பார்ப்புக்குப் பயந்த ஒரு சமையல்காரி கட்டிய கதையாகத்தான் எனக்குப் படுகிறது.

துக்கப்பட்டவர் வீட்டில் அடுத்தவர்தான் உணவு தர வேண்டும் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய அறிவல்ல. தமிழ் முஸ்லிம் வீடுகளில் மவுத்து விழுந்தால் அக்கம்பக்கத்தாரே சோறு கொண்டுவருவார்கள். கி.பி. 629இல் மூத்தா போரில் நபித்தோழர் ஜஃபர் இறந்த செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்கள் வேறெதையும் நினைக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று நபிகள் சொன்னது இதற்கு அடிப்படை. பின்னாளில் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹா என்று நெய்ச்சோறும் பிரியாணியும் வீட்டார் செலவில் வந்து சேர்ந்தன. அவற்றை எதிர்க்கும் தவ்ஹீதுக்காரர்களின் வாதம் இதுதான்: வீட்டாருக்கு ஊர் சமைக்கச் சொன்னால், ஊருக்கு வீட்டார் சமைக்கிறார்கள். மார்க்க விவாதத்துக்குள் போகாமலே சொல்கிறேன், கணக்குப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

யூதர்களிடம் இது சட்டமாகவே இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்தவன் முதல் வேளையில் தன் சொந்த உணவை உண்ணக் கூடாது. அயலார் தருவதையே உண்ண வேண்டும். முட்டையும் பயறும் தருவார்கள். தல்மூத் நூலில் இதையொட்டி ஒரு செய்தி உண்டு. பணக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வெள்ளிக் கூடையில் உணவு போனது, ஏழை வீட்டுக்குப் பட்டை உரித்த வில்லோக் குச்சிக் கூடையில். ஏழைகளுக்கு வெட்கமாக இருந்தது. இனி எல்லார் வீட்டுக்கும் குச்சிக் கூடைதான் என்று விதி செய்தார்கள். பானத்துக்கும் அப்படியே: பணக்காரருக்குத் தெளிந்த கண்ணாடி, ஏழைக்கு நிறக் கண்ணாடி என்றிருந்தது, எல்லாருக்கும் நிறக் கண்ணாடி என்றானது. துக்க வீட்டில் பத்துக் கோப்பை என்ற அளவு, மேலும் நாலு சேர்ந்து, ஆட்கள் போதையேறி விழ, திரும்பவும் பத்தாக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கிறது. தேநீர்க் கேனுக்குப் பின்னால் வேறு பாட்டில் நிற்கிற நம் துட்டிகளுக்குத் தெரியாத கதையா?

நம் ஏற்பாட்டைக் குலைத்தது நாத்திகமும் அல்ல, நகரமும் அல்ல. ஒரு கண்ணாடிப் பெட்டி. முன்பு காலையில் போன உயிர் என்றால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்; இரவில் போனால் மறுநாள் மதியத்துக்குள். அடுப்பு மூட்டாத நேரம் அதிகம் போனால் ஒரு நாள். அதைக் காப்பியிலும் பக்கத்து வீட்டுக் கஞ்சியிலும் ஓட்டிவிடலாம். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் குளிர்பெட்டி சிற்றூர்வரை வந்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மகன் விமானம் பிடித்து, சென்னையில் இறங்கி, கார் பிடித்து வரும்வரை உடல் காத்திருக்கும். இரண்டு நாள், சில வீடுகளில் மூன்று. விதியோ பழைய விதி. எண்பது வயதுக் கிழவரும், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிற சர்க்கரை நோயாளியும், பால் குடிக்கிற பிள்ளையும் அந்த இரண்டு நாளையும் அடுப்பில்லாமல் கடக்க வேண்டும். துட்டி வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் ‘துக்கம் தாங்கல’ என்கிறோம். சில நேரம் அது சர்க்கரை இறங்கியது. அண்ணாச்சியின் மூன்றாவது கேள்வி இதற்குத்தான்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கும் துட்டிக்கும் அடிப்படையான ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத்துக்கு வருகிறவர் அநேகமாக எல்லாரும் சாப்பிடுவார். துட்டிக்கு வருகிற உள்ளூர்க்காரர் சாப்பிட மாட்டார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் அவருக்குச் சோறு. ஐந்நூறு பேர் வந்து போன வீட்டில் நூற்றைம்பது பேர்தான் இலையில் உட்காருவார்கள். அந்த நூற்றைம்பது பேர் யார்? பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தவர்கள், சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள், வீட்டுப் பெண்கள். ஆகவேதான் அண்ணாச்சி ‘எத்தனை பேர் வருவாங்க’ என்று கேட்கவில்லை, ‘எங்கெங்க இருந்து’ என்று கேட்டார். இந்த ஒரு வித்தியாசம் தெரியாதவர் துட்டிக்குச் சமையல் சொன்னால் ஒரு அண்டா சோறு தெருநாய்க்குப் போகும்.

ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து சுடுகாட்டிலிருந்து வருகிற ஆண்களுக்கு எட்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பார் எங்கள் ஊர்ச் சமையல்காரரான தவசிப்பிள்ளை. அப்படியானால் 150 பேருக்கு 18, 19 கிலோ. சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். அதற்குமேல் போகக் கூடாது. அப்பளம் பொரிக்கிற வாசனையும் பாயசமும் கல்யாண வீட்டுக்குரியவை. மோரை விட்டுவிடாதீர்கள். அழுது அழுது தொண்டை கட்டிய பெண்கள் சோற்றைத் தள்ளிவிடுவார்கள், மோர்ச்சோறு இறங்கும். சாப்பிட்டு எழும்போது இலையைத் தன் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கம் மடிப்பது பல ஊர் வழக்கம். உன் வீட்டில் இப்படி இன்னொரு சாப்பாடு வேண்டாம் என்பது பொருள்.

பொட்டலச் சோறு இப்போது பரவிவிட்டது. வழியில் வருகிறவர்களுக்கும் நேரங்கெட்ட நேரத்தில் சேருகிறவர்களுக்கும் அது நல்லதுதான். ஆனால் வெந்த சோறு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கக் கிடக்க அதில் கிருமி பெருகும். நம் ஊர்ச் சித்திரை மதியத்தில் நாலு மணி நேரம் கடந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே எறிந்துவிடலாம். புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் புளிப்பினால் கொஞ்சம் தாங்கும். தேங்காய்ச் சோறும் தேங்காய்ச் சட்டினியும் தாங்காது. எத்தனை மணிக்குக் கட்டியது என்று பெட்டியின்மேல் மார்க்கரால் எழுதிவைக்கச் சொன்னார் அண்ணாச்சி. கல்யாண மண்டபத்தில்கூட நான் பார்க்காத ஒழுங்கு அது.

சோற்றைவிட முந்தியது தண்ணீர். 20 லிட்டர் கேன் என்றால் 200 மில்லி டம்ளரில் நூறு டம்ளர். வெயில் காலத்தில் ஒருவர் மூன்று டம்ளராவது குடிப்பார், பந்தலில் நின்றால் இன்னும் ஒன்று. வந்துபோகிற ஐந்நூறு பேருக்குப் பதினைந்து கேன் குறைந்தது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பந்தலோரம் மண்பானையும், ஒப்பாரி வைக்கிறவர்கள் பக்கத்தில் கோலி சோடாவும் இருக்கும். யாராவது கண் சொருகினால் ‘சோடா உடைங்கப்பா’ என்று ஒரு குரல் வரும். இப்போது பாட்டில் தண்ணீர் வாசலில் நிற்கிற ஆண்களுக்குக் கை மாறி மாறிப் போகிறது. உள்ளே உடலைச் சுற்றி உட்கார்ந்த பெண்களிடம் போய்ச் சேருவதில்லை. அவர்கள் எழுந்து வந்து கேட்கவும் மாட்டார்கள். ஒரு பெண்ணை, அதுவும் கொஞ்சம் தூரத்து உறவை, தண்ணீருக்கென்றே உள்ளே வைப்பது நல்ல ஏற்பாடு. காப்பியோ தேநீரோ, 100 மில்லி வீதம் நூறு பேருக்குப் பத்து லிட்டர், பாதி பால். எங்கள் பக்கத்தில் கடுங்காப்பி. ஈழத்தில் பிளேன்டீ. பால் கெட்டுவிடுமே என்ற கவலை இல்லை என்பதே இரண்டின் மேன்மை.

மற்றக் குடியைப் பற்றியும் பேசியாக வேண்டும். பறையடிக்கிறவர், குழி வெட்டுகிறவர், எரிக்கிறவர் ஆகியோருக்குச் சாராயமும் அரிசியும் துணியும் கூலியாகக் கொடுப்பதைப் பல தலைமுறைகள் வழக்கம் என்று சொல்லிக்கொண்டன. அந்த வேலையைக் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, குடிக்காமல் செய்ய முடியாத அளவுக்கு அதை இழிவாக்கிவிட்டு, ‘அவங்களுக்கு ஊத்திவிடுங்க’ என்பது தாராளமல்ல. வாய்க்கரிசியாகச் சேர்ந்த அரிசியும் காசும் வெட்டியானுக்குப் போகும். ஆனால் பந்தியில் அவருக்கு இலை விழாது, விழுந்தாலும் கடைசியில், தனியாக. இன்று பறையடிக்க மாட்டோம் என்று ஊர்களில் மறுப்புகள் நடந்து, பல இடங்களில் பேண்டு செட்டு வந்துவிட்டது. வந்தபின்னும் பந்தி வரிசை மாறாத ஊர்களை எனக்குத் தெரியும். துட்டிச் சாப்பாட்டைத் திட்டமிடுகிறவர் நோட்டில் முதலில் எழுத வேண்டிய பெயர்கள் அந்த நாலைந்து பேருடையவை. கூலி ரொக்கமாக, சோறு முதல் பந்தியில். வீட்டு ஆண்கள் குடிப்பதற்கு யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. அதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது முதல் நாள். குடும்பத்தை முறிப்பது பதினாறாம் நாள்.

எங்கள் பக்கம் விசேஷம், மற்ற இடங்களில் கருமாதி, காரியம், பத்திரிகையில் உத்தரகிரியை. துடக்கு என்கிற தீட்டுக் கழிந்து, உருமால் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, குடும்பத்தைத் திரும்ப ஊரோடு சேர்க்கிற நாள். அன்று அடுப்பு வீட்டாருடையது. முதல் நாளில் ஊர் போட்ட சோற்றுக்குப் பதில் சொல்லுகிற நாள் என்றும் சொல்லலாம். பழைய ஏற்பாட்டில் அரிசியும் காய்கறியும் தேங்காயும் உறவினர் கொண்டுவந்து இறக்குவார்கள். மொய் நோட்டு உட்காரும். அதனால் சுமை பரவலாக விழுந்தது. இப்போது உறவினர் ஒரு கவரும் ஒரு மாலையுமாக வருகிறார்கள். மண்டபம், பந்தல், பிளெக்ஸ், மூன்று வகைப் பொரியல், ஐஸ்கிரீம் எல்லாம் வீட்டார் கணக்கில். வைத்தியச் செலவில் ஏற்கனவே வற்றிப்போன கை அது. விருந்து சிறுத்தால் ‘அப்பனுக்கு ஒரு காரியம் ஒழுங்காச் செய்யல’ என்ற பேச்சு வரும்.

இந்தப் பேச்சுக்குப் பயந்து கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்த்துத்தான் ராஜஸ்தான் அரசு 1960இல் சாவு விருந்தைத் தடுக்கச் சட்டமே போட்டது. மிருத்யு போஜ் தடுப்புச் சட்டம் என்று பெயர். சடங்குக்காகக் குடும்பத்தாருக்கும் புரோகிதர், பக்கீர் போன்றோருக்கும் மொத்தம் நூறு பேர்வரை உணவு தரலாம். அதற்குமேல் விருந்து வைப்பதும், வைக்கச் சொல்லி நெருக்குவதும் குற்றம். ஓர் ஆண்டுவரை சிறை, ஆயிரம் ரூபாய்வரை அபராதம். நெருக்குகிறவனையும் குற்றவாளியாக்கியதுதான் அந்தச் சட்டத்தின் புத்திசாலித்தனம். ஆனாலும் ஊர்ப்பேச்சை எந்தப் போலீஸும் கைது செய்ததில்லை. நம் பக்கத்தில் சுயமரியாதை இயக்கத்தார் கருமாதியையே மறுத்து, படத்திறப்பு, இரங்கல் கூட்டம், தேநீர் என்று சுருக்கினார்கள். கொள்கைக்காரரல்லாத வீடுகளும் விடுப்புக் கிடைக்காததால் மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ காரியத்தை முடிக்கத் தொடங்கிவிட்டன. 2020 பெருந்தொற்றில் இருபது பேருக்குமேல் இறுதிச் சடங்குக்குக் கூடக் கூடாது என்ற நாட்களில் விருந்தே இல்லாமல் ஆயிரக்கணக்கான வீடுகள் துக்கம் கழித்தன. அந்த விருந்தை யாரும் போய்க் கேட்கவில்லை. பல நூறு வீடுகளில் சாப்பாடு கொண்டுவர யாருமில்லாமல் போனதையும் யாரும் கேட்கவில்லை. அதை மறந்துவிட்டுச் சிக்கனத்தை மட்டும் புகழக் கூடாது.

ஈழத்தில் இதன் அமைப்பு வேறு. எட்டுச்செலவு என்ற சடங்கில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பார்கள்; மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், தின்றவருக்கு மச்சம், குடித்தவருக்குச் சாராயம். எங்கள் ஊர்ச் சைவப் பிடிவாதத்தைவிட இது எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, வீட்டில் மதிய போசனம். சாப்பிட்டு எழுகிறவர் கையில் ‘கல்வெட்டு’ என்கிற நினைவு மலரைக் கொடுத்தனுப்புவார்கள். இறந்தவரின் வரலாறும் தேவாரமும் அதில் இருக்கும். அப்படிப்பட்ட மலர்கள் ஏராளமாக நூலகம் இணைய ஆவணகத்தில் சேர்ந்திருக்கின்றன. ஒரு ஊரின் சரித்திரத்தைச் செத்த வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் கொடுத்த தாள்களிலிருந்து எழுதலாம். சோறு மறுநாள் செரித்துவிடும். தாள் கிடக்கிறது.

முதல் நாளுக்கே கேட்டரிங் சொல்லும் பழக்கம் இப்போது வந்துவிட்டது. என் மாமனார் சென்னையில் இறந்தபோது நாங்களும் சொன்னோம். அடுக்குமாடியில் யார் வீட்டு அடுப்பை யார் மூட்டுவது? குளிர்பெட்டிக்காரரே எண் கொடுத்தார். வந்த ஆள் துக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் நேராகப் போய், “மேடம், சாம்பாரா காரக்குழம்பா?” என்று கேட்டார். அவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு “எதுவானாலும்” என்றாள். முன்னூறு பேருக்கு வந்தது. எழுபது பேர் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் பில் வந்தது, அதுவும் அவளிடமே. அந்த ஆள்மேல் குற்றமில்லை. அவருக்கு முன்னால் போய் உட்கார ஓர் அண்ணாச்சியை நாங்கள் வைக்கவில்லை.

கேட்டரிங் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. தவசிப்பிள்ளைகளும் ஆக்குப்புரை என்ற சமையல் கொட்டகைகளும் இனித் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் சமைப்பவர் மாறினாலும் கேட்கப்படுகிறவர் மாறாமல் இருக்கலாம். வீட்டாரில் ஒருவரல்லாத யாரோ ஒருவர், அலுவலக நண்பரோ, எதிர்வீட்டுக்காரரோ, எண்ணிக்கை சொல்லி, சூடு பார்த்து, முதல் பந்தியில் யார் என்று தீர்மானித்து, பில்லைத் தன் கையில் வாங்கி நாலு உறவினரிடம் பிரித்துக்கொண்டால் போதும். பழைய விதி அவ்வளவுதான் கேட்டது.

பதினாறு நாளுக்கும் திட்டம் உண்டு. அதற்குப் பிறகு இல்லை. பெரியம்மை இறந்த பதினேழாம் நாள் காலையில் பந்தல்காரர் கம்புகளைப் பிரித்துக் கொண்டுபோனார். பித்தளை அண்டாக்கள் போயின. நாங்களும் மதிய ரயிலுக்குக் கிளம்பினோம். பெரியப்பா ஐம்பத்திரண்டு வருடமாக அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்கக்கூடப் போனதில்லை. வாசல்வரை வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்?” எனக்குத் தெரியவில்லை. நூறு பேருக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவு அண்ணாச்சி ஒரு தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுபோனாராம். அதற்கடுத்த இரண்டு மாதமும் போனார். ஒக்கூர் மாசாத்தனார் பாடியது கைம்பெண்ணை. வேளை கெட்டுப்போவது ஆணுக்கும் உண்டு, அதைப் பாட யாருமில்லை.

உங்கள் தெருவில் துட்டி விழுந்தால் முதல் நாள் நீங்கள் போகாவிட்டாலும் பரவாயில்லை. அன்று கூட்டம் இருக்கும், தேநீர்க் கேன் இருக்கும். பதினேழாம் நாள் மதியம் போங்கள், ஒரு தூக்குவாளியோடு. ‘வாங்க’ என்று அன்றைக்குச் சொல்வார்கள்.